பாட்டில் மேல இருக்குற எழுத்துதான் அதோட தலையெழுத்து! சின்ன காஞ்சிபுரத்து ஜரிகை சொல்லும் பாடம்

"பழைய பட்டுப்புடவை வாங்குறது... கிழிஞ்ச பட்டு, ஜரிகை வாங்குறது!"

தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தெருவிலும் இந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே தெருவில் இன்னொரு குரல் வரும். "பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக், பாட்டிலே!"

முதல் ஆள் புடவையைக் கையில் வாங்கியதும் ஜரிகையைத்தான் பார்ப்பார். லேசாகச் சுரண்டுவார், உரசுவார். அசல் வெள்ளி ஜரிகை என்றால், புடவை கிழிந்திருந்தாலும் சாயம் போயிருந்தாலும் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். உருக்கினால் வெள்ளி கிடைக்கும். பிளாஸ்டிக் ஜரிகை என்றால், "இது வேணாம்மா" என்று மடித்துக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். புடவையின் மறுவாழ்வை முடிவு செய்வது அதன் மேல் இருக்கும் அலங்காரம்தான்.

பாட்டிலுக்கும் இதே கதைதான். ஆனால் அதை யாரும் பேசுவதில்லை. பாட்டில் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்றுதான் சண்டை போடுகிறோம். அதன் மேல் பெயரையும் படத்தையும் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அந்த பாட்டில் திரும்பவும் பாட்டிலாகப் போகுமா, குப்பை மேட்டுக்குப் போகுமா என்பதில் பாதி முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது.

இரண்டு கூட்டம், இரண்டு குப்பை

சின்ன காஞ்சிபுரம் என்றாலே வரதராஜப் பெருமாள் கோயில்தான். அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 40 வருடங்களுக்கு ஒருமுறை வெளியே வருவார். கடைசியாக வந்தது 2019 ஜூலை 1-ம் தேதி முதல் ஆகஸ்ட் 17-ம் தேதி வரை. தரிசனம் செய்தவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியதாகச் சொல்லப்பட்டது. காஞ்சிபுரம் அப்போது மாநகராட்சிகூட இல்லை, நகராட்சிதான். மணிக்கணக்கில் வரிசை, ஆடி வெயில். எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில்.

அதற்கு முந்தைய தரிசனம் 1979-ல். அன்றைக்கு வந்தவர்களுக்கும் தாகம் எடுத்திருக்கும். ஆனால் இன்றைக்கு நாம் பார்க்கிற பெட் பாட்டில் அன்று நம்ம ஊர்க் கடைகளில் கிடையாது. பானைத் தண்ணீர், மோர், இல்லை என்றால் சோடா. சோடா பாட்டிலைக் குடித்துவிட்டுக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் நகர முடியும். காரணம், அந்த பாட்டில் வாடிக்கையாளருடையது இல்லை, கடைக்காரருடையது. அதன் மேல் அழியாமல் இருந்த பெயரே அதற்குச் சாட்சி.

2019-ல் ஜனவரி 1-ம் தேதியே தமிழ்நாட்டில் 14 வகையான ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்துவிட்டது. கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாம் பட்டியலில் இருந்தன. பெட் பாட்டில் இல்லை. "அதை மறுசுழற்சி செய்யலாம்" என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் வழக்கமான பதில்.

செய்யலாம்தான். ஆனால், மேல் சட்டை சரியாக இருந்தால்!

முதலில் கண்ணாடி: அதில் எப்படி எழுதுகிறார்கள்?

கண்ணாடி பாட்டிலில் பெயர் போட நாலைந்து வழிகள் உண்டு.

மிகப் பழைய வழி, அச்சிலேயே எழுத்தை வெட்டிவிடுவது. உருகிய கண்ணாடி அந்த அச்சுக்குள் ஊதப்படும்போது எழுத்து புடைத்துக்கொண்டு வரும். கோலி சோடா பாட்டிலில் விரலால் தடவினால் தெரியுமே, அதுதான். மை வேண்டாம், காகிதம் வேண்டாம், பாட்டில் உடையும் வரை எழுத்து இருக்கும். ஆனால் கலர் கிடையாது.

இரண்டாவது வழி, சுட்ட அச்சு. குளிர்பான பாட்டிலில் வெள்ளை, சிவப்பு எழுத்து அப்படியே கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் இல்லையா, அது. பலர் இதைப் பெயின்ட் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதுவும் கண்ணாடிதான்! நைசாக அரைத்த கண்ணாடிப் பொடியோடு நிறமி கலந்து, மெழுகு மாதிரியான ஒரு பசையில் குழைத்து, வலைத்துணி வழியாக பாட்டில் மேல் அழுத்தித் தேய்க்கிறார்கள். பிறகு 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சூளைக்குள் அனுப்புகிறார்கள். பசை எரிந்து போகும். கண்ணாடிப் பொடி உருகி பாட்டிலோடு ஒன்றாகிவிடும். அமெரிக்காவில் 1930-களில் குளிர்பான பாட்டில்களுக்கு வந்த முறை இது.

இந்த வலைத்துணி அச்சு நமக்குப் புதுசு இல்லை. கல்யாண வீட்டு மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் போடுகிறார்களே, அதே ஸ்கிரீன் பிரின்டிங்தான். இதற்கு 'சில்க் ஸ்கிரீன்' என்றொரு பெயரும் உண்டு. ஏன் சில்க்? ஆரம்ப காலத்தில் சட்டத்தில் இழுத்துக் கட்டியது பட்டுத் துணியைத்தான். சீரான, மெல்லிய, அறுந்துபோகாத இழை வேறு எதில் இருக்கிறது? பிறகு பாலியஸ்டரும், சூடான மைக்கு எவர்சில்வர் கம்பி வலையும் வந்தன. பட்டு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மூன்றாவது, காகித லேபிள். மேலோட்டமாகப் பார்த்தால் மலிவான வேலை. ஆனால் பீர் பாட்டில் தொழிலில் இது ரொம்ப யோசித்துச் செய்தது. திரும்பி வரும் பாட்டிலைச் சூடான காஸ்டிக் சோடா தண்ணீரில் கழுவும்போது, பசை கரைந்து லேபிள் தானாகக் கழன்று விழ வேண்டும். விழுந்ததும் பாட்டில் வெறும் பாட்டில். அடுத்த லேபிளுக்குத் தயார்.

அதாவது, சுட்ட அச்சு கழுவினாலும் போகக்கூடாது. காகித லேபிள் கழுவினால் போயே ஆக வேண்டும். இரண்டுமே பாட்டில் திரும்பி வரும் என்று நம்பிச் செய்த வேலை. நல்ல கண்ணாடி பாட்டில் 20, 30 முறைகூடச் சுற்றி வரும்.

கண்ணாடியிலும் இப்போது வேறு வழிகள் வந்துவிட்டன. புற ஊதா வெளிச்சத்தில் நொடியில் உலரும் மை, பளபளக்கும் தங்க ஃபாயில், பாட்டில் முழுக்க ஸ்பிரே பெயின்ட். சென்ட் பாட்டில், கிரீம் டப்பா, கிஃப்ட் பாட்டில்களில் பார்க்கலாம். சூளை வேண்டாம், கலர் அள்ளும். ஆனால் காஸ்டிக் சோடாவில் பல முறை குளித்து எழுந்திருக்கும் உறுதி இவற்றுக்குப் பொதுவாகக் கிடையாது. இந்த அலங்காரத்தோடு வரும் பாட்டிலுக்கு ஒரு பிறவிதான்.

பிளாஸ்டிக்கில் மை ஏன் ஒட்டாது?

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா மேல் பேனாவால் எழுதிப் பாருங்கள். வழுக்கும், அல்லது தொட்டதும் அழிந்துவிடும். பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் போன்றவற்றின் மேல்பரப்பு எண்ணெய் தடவியது மாதிரி. தாமரை இலையில் தண்ணீர் உருளுவது போல மை திரண்டு நிற்கும், பரவாது.

அதனால்தான் ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன் மேல் அச்சடிப்பதற்கு முன் தீ ஜுவாலையை நொடிப்பொழுது காட்டுகிறார்கள், அல்லது மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். மேல்தோலின் குணம் மட்டும் மாறும், அப்புறம் மை பிடித்துக்கொள்ளும். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஃபேக்டரியில் செய்யும் சோதனை ரொம்ப எளிமை. செல்லோடேப்பை ஒட்டிச் சர்ரென்று உரிப்பார்கள். மை டேப்போடு வந்துவிட்டால் ஃபெயில்!

டப்பாவுக்கு டப்பா வழியும் மாறும். தயிர் கப், ஐஸ்கிரீம் கப்பில் உருளையில் எல்லா நிறங்களையும் சேர்த்து ஒரே சுற்றில் அச்சடித்துவிடுவார்கள். பேனா மூடி போன்ற வளைந்த பொருள்களுக்கு சிலிக்கான் ரப்பர் மெத்தையில் மையை எடுத்து முத்திரை குத்துவார்கள். பெயின்ட் பக்கெட், ஐஸ்கிரீம் டப்பாவுக்கு இன்னொரு கெட்டிக்கார வழி: அச்சடித்த லேபிளை முதலிலேயே அச்சுக்குள் வைத்துவிட்டு, மேலே உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்துவது. லேபிளும் டப்பாவும் ஒரே துண்டாக வெளியே வரும். உரிக்க முடியாது, உரிக்கவும் வேண்டாம். லேபிளும் டப்பாவும் ஒரே பாலிபுரோப்பிலீன் என்றால் இரண்டையும் சேர்த்தே உருக்கிவிடலாம்.

ஜரிகைக்கும் ஃபாயிலுக்கும் ஒரே பிறப்பு

இங்கேதான் காஞ்சிபுரம் கதை பாட்டிலோடு முடிச்சுப் போடுகிறது.

அசல் ஜரிகையில் பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளி இழை, அதன் மேல் தங்க முலாம். காஞ்சிபுரத்தில் அரசே ஜரிகை தயாரிக்கும் நிறுவனம் வைத்திருக்கும் அளவுக்கு இது முக்கியமான தொழில். மலிவு விலைப் புடவைகளில் வரும் பிளாஸ்டிக் ஜரிகை வேறு ரகம். பாலியஸ்டர் ஃபிலிம் மேல் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, தங்க நிறம் பூசி, மெல்லிய நாடாவாக அறுத்தது.

கிரீம் டப்பா மூடியில், சென்ட் பாட்டிலில் மின்னுகிற தங்க எழுத்தும் இதே குடும்பம்தான். பாலியஸ்டர் ஃபிலிமில் படிந்த அலுமினியத்தைச் சூடான அச்சால் அழுத்தி, பாட்டில் மேல் இறக்குகிறார்கள். தங்க நிறம் என்பது மேலே இருக்கும் மஞ்சள் வார்னிஷ். கண்ணுக்குத் தங்கம், கைக்கு அலுமினியம், காயலான் கடைக்கு ஒன்றுமில்லை.

அசலும் போலியும் கடை வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான் மின்னும். வித்தியாசம் தெரிவது கடைசி நாளில். ஒன்றுக்கு வாங்க ஆள் வருகிறார், இன்னொன்றுக்கு வருவதில்லை.

சட்டை போட்ட பாட்டில்

இப்போது நம் கையில் அதிகம் புழங்கும் அலங்காரத்துக்கு வருவோம். ஜூஸ், பால் பானம், எனர்ஜி டிரிங்க் பாட்டில்களைக் கழுத்து முதல் அடி வரை கலர்ஃபுல்லான பிளாஸ்டிக் உறை மூடியிருக்கும். இதுதான் ஷ்ரிங்க் ஸ்லீவ். அச்சடித்த பிளாஸ்டிக் குழாயை பாட்டிலுக்கு மாட்டி, நீராவிக் கூண்டுக்குள் அனுப்பினால் சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இடுப்பு வளைந்த பாட்டிலுக்கும் தைத்துப் போட்ட சட்டை மாதிரி அமைந்துவிடும்.

பிரச்சினை என்னவென்றால், உள்ளே இருப்பது பெட், வெளியே இருப்பது பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக்.

மறுசுழற்சி ஆலையில் பாட்டில்களை வகை பிரிக்கும் கருவி, அகச்சிவப்பு ஒளியை அடித்து 'இது எந்தப் பிளாஸ்டிக்' என்று படிக்கும். ஸ்லீவ் முழுசாக மூடியிருந்தால், கருவி சட்டையைப் படிக்கும், உடம்பைப் படிக்காது. நல்ல பெட் பாட்டில் வேறு குவியலில் போய் விழும்.

அப்படியே தப்பித்துப் போனாலும், நொறுக்கித் தண்ணீரில் போடும்போது அடுத்த சிக்கல். பாட்டில் மூடி பாலித்தீன் அல்லது பாலிபுரோப்பிலீன், தண்ணீரைவிட லேசு, மிதந்துவிடும். அள்ளிவிடலாம். பெட் கனமானது, அடர்த்தி சுமார் 1.38, மூழ்கும். ஸ்லீவ் பிவிசி-யில் செய்ததாக இருந்தால், அதுவும் கிட்டத்தட்ட அதே கனம், சேர்ந்தே மூழ்கும். தண்ணீரால் பிரிக்க முடியாது.

பெட்டை உருக்க 260, 270 டிகிரி சூடு தேவை. பிவிசி அதற்கு முன்பே சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். கொஞ்சம் கலந்தாலே போதும், மொத்த பெட்டும் மஞ்சளாகி, நொறுங்கும் தன்மை வந்துவிடும். திரும்ப பாட்டில் செய்ய லாயக்கில்லாமல், மட்டமான நூலாகவோ நாடாவாகவோதான் போகும். பிவிசி இல்லாமல் பெட்-ஜி என்ற வகை ஸ்லீவ் போட்டாலும் தொல்லை தீராது. அது குறைந்த சூட்டிலேயே இளகி, உலர்த்தும் இயந்திரத்தில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு நம்ம ஊரில் தீர்வு என்ன? கத்தி! குப்பை பொறுக்குகிறவர்களும் காயலான் கடையில் உட்கார்ந்து பிரிக்கிறவர்களும் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, கீறி, உரித்துப் போடுகிறார்கள். கம்பெனி நொடியில் மாட்டிய சட்டையை, இவர்கள் நாளெல்லாம் கழற்றுகிறார்கள். அந்த உரித்த சட்டையை எடைக்கு எடுக்க ஆளில்லை. எடை போட்டுக் கூலி வாங்குகிறவருக்கு உரிக்கிற நேரம் நஷ்டம். அதனால் சிலர் உரிப்பதில்லை. சிலர் எடுப்பதே இல்லை.

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கோயில் வீதிகளில் எதை அள்ளிக்கொண்டு போகிறார்கள், எது அப்படியே கிடக்கிறது என்று கவனித்தால் போதும். கண்ணுக்குத் தெரிகிற தெளிவான பாட்டில் முதலில் போகும்.

விதி என்ன சொல்கிறது?

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பிளாஸ்டிக் கழிவு விதிகளைத் திருத்தியது. பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் நிறுவனங்களுக்கே அந்தக் கழிவுக்குப் பொறுப்பு என்றது. பாட்டில் போன்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும், 2028-29-ல் இது 60 சதவீதமாக வேண்டும் என்று இலக்கும் வைத்தது.

நல்ல இலக்கு. ஆனால் பாட்டிலை மீண்டும் பாட்டிலாக்க, சுத்தமான, நிறமில்லாத, வேறு எதுவும் கலக்காத பெட் வேண்டும். எத்தனை சதவீதம் என்று கறாராகச் சொல்கிற விதி, பாட்டில் மேல் என்ன சட்டை போட்டிருக்கிறது என்பதில் அதே கறாரைக் காட்டவில்லை. பானையில் ஓட்டையை வைத்துக்கொண்டு இன்னும் தண்ணீர் ஊற்றச் சொல்வது போலத்தான் இது.

தென்கொரியா இதைத் தலைகீழாகச் செய்தது. 2019 டிசம்பரிலேயே கலர் பெட் பாட்டிலுக்கும் பொட்டலங்களில் பிவிசி-க்கும் தடை போட்டது. 2020-ல் லேபிளே இல்லாத தண்ணீர் பாட்டில் அங்கே கடைக்கு வந்தது. ஸ்பிரைட் வட அமெரிக்காவில் தன் அடையாளமான பச்சை பாட்டிலை 2022-ல் கைவிட்டுத் தெளிவான பாட்டிலுக்கு மாறியது. பச்சை பெட் திரும்பப் பாட்டிலாவது கஷ்டம் என்பதுதான் காரணம். யாரும் ஸ்பிரைட் குடிப்பதை நிறுத்திவிடவில்லை.

'ஆனா, கம்பெனிக்காரங்க சொல்றதும் நியாயம்தானே?'

கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பன்னீர் சோடாவோ, மோரோ, பழரசமோ தயாரிக்கும் சின்ன நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட அச்சு பாட்டில் வேண்டுமென்றால் மொத்தமாக ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்க வேண்டும், சூளைக்கு எரிபொருள் செலவு வேறு. முகவரி மாறினால், புது ருசி விட்டால், பழைய பாட்டிலை என்ன செய்வது? ஸ்லீவ் என்றால் வெறும் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு இந்த வாரம் எலுமிச்சை, அடுத்த வாரம் திராட்சை என்று சட்டை மாற்றிக்கொள்ளலாம். விலை, தேதி, சத்து விவரம் எல்லாம் அச்சிட இடம் கிடைக்கும். மூடியைச் சேர்த்து மூடினால் திறந்தது தெரிந்துவிடும், போலி குறையும்.

கண்ணாடியும் புனிதப் பொருள் இல்லை. கனம் அதிகம், லாரி டீசல் அதிகம், உடையும். கழுவத் தண்ணீரும் சூடும் வேண்டும். தூர ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு உதைக்கும். 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவன்டோவே இன்று கண்ணாடி, பெட் இரண்டிலும் கிடைக்கிறது. பக்கத்து ஊருக்குள் சுற்றுகிற பாட்டிலுக்குத்தான் கண்ணாடி கச்சிதம்.

பெயர் பொறித்த பாட்டிலிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கம்பெனி பெயர் புடைத்து நிற்கும் பாட்டில் இன்னொரு கம்பெனியின் குவியலில் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்குப் பயன்படாது. அழியாத எழுத்து சொந்தக்காரருக்கு லாபம், மற்றவர்களுக்கு உடைசல்.

சுட்ட அச்சுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. கண்ணாடிப் பொடி சீக்கிரம் உருக வேண்டும் என்று பழைய காலத்தில் அதில் ஈயம் சேர்த்தார்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சளுக்கு காட்மியம். மெக்சிகோவிலிருந்து வந்த குளிர்பான பாட்டில்களின் அச்சில் ஈயம் இருந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சட்டப் பிரச்சினையே ஆனது. ஈயம் இல்லாத நிறமிகள் இன்று கிடைக்கின்றன. நம்ம நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. உணவுப் பொட்டல அச்சு மைக்கு ஐஎஸ் 15495 என்ற தர நிர்ணயமும் உண்டு. பாட்டிலை வாயில் வைத்துக் குடிக்கிற ஊரில், மேல் அச்சில் என்ன இருக்கிறது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

ஆக, "கண்ணாடி நல்லவன், பிளாஸ்டிக் கெட்டவன்" என்று சினிமா மாதிரி பிரிக்க முடியாது. கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த அலங்காரம், பாட்டிலின் அடுத்த பிறவியை மனதில் வைத்துச் செய்ததா?

10 ரூபாய் ஸ்டிக்கர் கற்றுக்கொடுத்தது

தமிழ்நாட்டில் இதற்குக் கண் முன்னாலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. காட்டுக்குள் வீசப்பட்ட மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டத்தை டாஸ்மாக் தொடங்கியது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் கையில். பிறகு படிப்படியாக வேறு மாவட்டங்களுக்கும் வந்தது.

குடிக்கும் பழக்கத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் இந்தத் திட்டம் ஒன்றைக் காட்டியது: பாட்டில் மேல் 'இதைத் திருப்பிக் கொடுத்தால் காசு' என்று இருந்தால், பாட்டில் திரும்பி வரும். அதைச் சொன்னது ஒரு சின்ன ஸ்டிக்கர்.

அந்த ஸ்டிக்கரிலேயே பலவீனமும் இருந்தது. பாட்டில் ஆலையிலேயே முடிந்திருக்க வேண்டிய அடையாளத்தைக் கடையில் ஒட்டவைத்தார்கள். காலி பாட்டில் வேலை கூடுதல் சுமை என்று ஊழியர் சங்கங்கள் போராடின. ஸ்டிக்கர் நனைந்தால், கிழிந்தால் 10 ரூபாய் கேள்விக்குறி. அலங்காரத்தைக் கடைசியில் யோசித்தால் வரும் கஷ்டம் இது.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதலாவது, முழுநீள ஸ்லீவை ஒழிக்கச் சொல்லவில்லை. அதன் பொருளை மாற்றச் சொல்லலாம். தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக்கில் ஸ்லீவ் செய்ய முடியும். நொறுக்கிப் போட்டால் சட்டை மேலே, உடம்பு கீழே. பாட்டிலில் பிவிசி ஸ்லீவுக்கு ஒரு தேதி குறித்து முடிவு கட்டலாம்.

இரண்டாவது, பாட்டிலை முழுசாக மூடக் கூடாது, அடியிலோ கழுத்திலோ கொஞ்சம் உடம்பு தெரிய வேண்டும் என்றால், கருவிக்கும் தெரியும், பொறுக்குகிறவர் கண்ணுக்கும் தெரியும். இழுத்தால் கிழியும் துளைக்கோடு ஒன்று போட்டால் பாட்டிலைக் குடித்தவரே சட்டையைக் கழற்றிவிடலாம். கத்தி பிடிக்கும் கைக்கு வேலை குறையும்.

மூன்றாவது, சின்ன சோடா கம்பெனிகளுக்குப் பொது பாட்டில். பெயர் பொறிக்காத ஒரே அளவு கண்ணாடி பாட்டில், கழுவினால் கழலும் காகித லேபிள், பெயரும் தேதியும் மூடியில். எல்லாரும் எல்லாருடைய பாட்டிலையும் நிரப்பலாம். யாருக்கும் உடைசல் இல்லை.

நான்காவது, திரும்பப் பெறும் திட்டத்தை மதுக்கடையோடு நிறுத்த வேண்டாம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கிய அரசு, 'மீண்டும் சோடா பாட்டில்' என்று யோசிக்கக் கூடாதா? சோதித்துப் பார்க்கச் சின்ன காஞ்சிபுரத்தை விடத் தோதான இடம் கிடையாது. வைகாசி கருட சேவைக்குக் கூட்டம் அலைமோதும். வருகிறவர்கள் நடந்துதான் வருகிறார்கள், அதே வீதிகளில்தான் குடிக்கிறார்கள், அதே வீதிகளில்தான் வீசுகிறார்கள். வாங்கிய இடத்துக்கும் வீசும் இடத்துக்கும் நடுவே சில நூறு அடிதான். பாட்டிலில் வைப்புத் தொகையை ஆலையிலேயே அச்சிட்டு, வீதி முனையில் திரும்ப வாங்கும் மேஜை போட்டால், ஒரே திருவிழாவில் பதில் தெரிந்துவிடும்.

வாங்குகிறவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பாட்டிலைக் கையில் எடுத்ததும் அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 என்றால் பெட். மேலே ஸ்லீவ் இருந்தால் அதிலும் எண் தேடுங்கள். 3 என்றால் பிவிசி. ஸ்லீவோடு குடித்து முடித்தால், குப்பையில் போடுவதற்கு முன் உரித்துவிடுங்கள். பத்து நொடி வேலை. அந்தப் பத்து நொடியை இன்று உங்களுக்காக வேறு யாரோ செலவு செய்துகொண்டிருக்கிறார்கள், அதற்குக் கூலி இல்லாமல்.

2059-ல் வருகிறவர்களுக்கு

பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர், நெய்தவரின் நேர்மையைத்தான் கடைசியில் எடை போடுகிறார். பல வருடங்களுக்கு முன் தறியில் போட்டது அசல் ஜரிகையா, பூச்சா என்பதைப் புடவையே சொல்லிவிடுகிறது. காஞ்சிபுரம் பெயர் வாங்கியது மின்னியதால் மட்டும் இல்லை. மின்னுவது நின்ற பிறகும் மதிப்பு இருந்ததால்.

அத்திவரதர் அடுத்து எழுந்தருள்வது 2059-ல். 2019-ல் வரிசையில் நின்று குடித்துவிட்டு வீசிய பாட்டில்களில் சில எப்போதோ நூலாகவும் பாட்டிலாகவும் மாறியிருக்கும். யாரும் உரிக்காத, யாரும் எடுக்காத சட்டைகள் எங்கோ மண்ணுக்குள் அப்படியே கிடக்கும், அச்சடித்த மாம்பழப் படத்தோடு. அடுத்த கூட்டத்துக்குக் கொடுக்கப்போகும் பாட்டிலின் சட்டையை முடிவு செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் 40 வருடம் காத்திருக்கும் அளவுக்கு இல்லை.